சுவருக்கு அப்பால்

ஒன்றையும் வைக்காமல் அளப்பதுதான் காமாக் கதிர் அளவையின் முதற்பாடம். கல்லையோ மண்ணையோ கருவியின் முன்னே வைப்பதற்கு முன், வெறும் அறையை ஓர் இரவு முழுவதும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வெறுமையின் கணக்குக்குப் பின்னணி என்று பெயர். பிறகு கல்லை வைத்து எடுக்கும் கணக்கிலிருந்து பின்னணியைக் கழித்தால் எஞ்சுவதே கல்லுக்கு உரியது. பின்னணி தவறானால் அதன்பின் வரும் கணக்கெல்லாம் தவறாகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற நமக்கு, இந்தப் பாடத்தின் முழுப் பொருள் நமது சொந்த வீட்டில், ஒரு கோடை விடுமுறையின்போதுதான் விளங்கிற்று.

நமது ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரையை ஒட்டியது. அக்கரையின் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருப்பதையும், அதில் தோரியம் அடங்கியிருப்பதையும் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இது வெளியுலகுக்குத் தெரிய வந்த கதை சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருக்கக் கண்டார். கயிற்றை வாங்க வந்தவர்கள் பிறகு மணலையே வாங்க வந்தார்கள். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அந்நாளில் தோரியம் வேண்டப்பட்டது அணு உலைக்காக அன்று, விளக்கின் மேண்டிலுக்காக. தோரியம் ஆக்சைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் சேர்ந்த வலைதான், சுடரில் வெண்ணிறமாக ஒளிர்ந்து மேலை நாட்டுத் தெருக்களையும் வீடுகளையும் விளக்கிற்று.

இத்தகைய கரையில் வாழ்ந்துகொண்டு, காலடி மண் என்ன சொல்கிறது என்று கேளாமல் இருப்பதா என்னும் ஆசை நமக்கு நெடுநாளாக உண்டு. பொறியியல் படித்த நமது இளைய மகன் அதை நிறைவேற்றி வைத்தான். இரண்டு அங்குல அகலமுள்ள சோடியம் அயோடைடுப் படிகம் ஒன்று. அதில் காமாக் கதிர் பட்டதும் எழும் மின்மினி போன்ற ஒளித்துளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று. அத்துடிப்புகளை, பாட்டைக் கேட்பதுபோல் ஒலித்துளை வழியாகக் கேட்டு, உயரம் உயரமாகப் பிரித்து எண்ணும் கணினி ஒன்று. கதிரின் ஆற்றல் எவ்வளவோ அதற்கேற்பத் துடிப்பின் உயரம் அமையும். எண்ணிக்கைகளை வரைபடமாக இட்டால் சில இடங்களில் முகடுகள் எழும். ஒவ்வொரு முகடும் ஒரு தனிமத்தின் கையெழுத்து. வெளிக்கதிரைத் தடுக்க ஈயச் சுவர் வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை மீனவ நண்பர்களிடம் விலைக்கு வாங்கி, ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரண்டு தகர டப்பாக்களின் இடைவெளியில் நெருக்கி அடுக்கினோம்.

முதற் பின்னணியை எடுத்ததும் முகடுகளில் பாதி நமக்குப் பிடிபடவில்லை. அவற்றின் காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இத்துறையில் இறங்கும் இளைஞர்களுக்கு அது பயன்படக்கூடும்.

முதற்குற்றவாளி அளவுகோலே. எல்லா வீடுகளிலும் காணப்படும் பொட்டாசியம், 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு காட்ட வேண்டும். செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நமது உடலிலும்கூட அது உண்டு. சாதாரணப் பொட்டாசியம் ஒரு கிராமில் நொடிக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. நமது வரைபடத்திலோ அம்முகடு இரட்டையாகத் தெரிந்தது. புதுத் தனிமம் ஒன்றைக் கண்டுவிட்டதாக மகன் துள்ளினான். உண்மையில், நண்பகல் வெப்பத்தில் படிகமும் குழாயும் சோர்ந்து துடிப்பின் உயரம் குறைய, இரவில் ஓரிடத்தில் எழுந்த முகடு பகலில் வேறிடத்தில் எழுந்திருந்தது. வந்தவர் ஒருவரே, நமது கோல்தான் நீண்டு சுருங்கிற்று. அன்று முதல் மணிக்கொரு முறை அளவுகோலைச் சரிபார்க்கலானோம்.

இரண்டாம் குற்றவாளி காவற்காரன். 75ஆம் இடத்தில் எழுந்த கூர்மையான முகடு எந்த மண்ணுக்கும் உரியதாக இல்லை. கதிர் தாக்கும்போது ஈயம் தானே வெளியிடும் எக்ஸ் கதிர் அது! காவலுக்கு வைத்தவனே பேசிக்கொண்டிருந்தான். உட்புறம் இரண்டு மில்லிமீட்டர் செம்புத் தகட்டைச் சுற்றியதும் அவன் பெருமளவு அடங்கினான்.

மூன்றாமவர் அலமாரியில் இருந்தார். 239, 583, 2614 ஆகிய இடங்களில் எழுந்த முகடுகள் தோரியத்தின் வாரிசுகளுக்கு உரியவை. இந்தக் கரையில் அவை தோன்றுவது இயல்பே. ஆனால் கருவியை மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்தினால் அவை இரட்டிப்பானேன்? சுவர் அலமாரியைத் திறந்து பார்த்தோம். நமது வாப்பா காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கும், பிரிக்கப்படாத மேண்டில் பொட்டலம் ஒன்றும் அங்கே இருந்தன. மின்சாரம் வராத நாட்களில் ஊரின் கல்யாணங்கள் எத்தனைக்கோ வாப்பா அந்த விளக்கை இரவல் கொடுத்ததுண்டு. பொட்டலத்தைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றியதும் முகடுகள் பாதியாகத் தாழ்ந்தன. நமது கரை மணலின் உறவினர் ஒருவர், எந்த நாட்டையெல்லாமோ சுற்றி, நமது அலமாரிக்கே வந்து அமர்ந்திருந்தார் போலும்!

நான்காமவர் வானத்திலிருந்து வந்தார். ஒரு மாலைக் கோடைமழையில் எண்ணிக்கை திடீரென ஏறிற்று. காற்றில் கலந்துள்ள ரேடான் வாயுவின் வழித்தோன்றல்களை மழை கழுவித் தரைக்குக் கொண்டு வருகிறது. 352இலும் 609இலும் அவற்றின் முகடுகள் உயர்ந்தன. அவற்றின் அரையாயுள் முறையே சுமார் இருபத்தேழு நிமிடமும் இருபது நிமிடமும் ஆகையால், மழை விட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று.

இவ்வாறு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொண்ட பின்னர்தான், பெயர் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்தார்.

352க்குச் சற்று வலப்புறமாக, 360ஐ ஒட்டி ஒரு முகடு எழுந்தது. நமது படிகத்தின் கூர்மைக்கு 352ஐயும் 364ஐயும் பிரித்துக் காட்டும் வன்மை இல்லை. ஆகவே மழையின் ரேடான்தான் என்று முதலில் விட்டுவிட்டோம். ஆயினும் ரேடானாக இருந்தால் 609உம் கூடவே உயர வேண்டும், அது அசையவில்லை. மேலும் மணிக்கணக்கில் மறைய வேண்டியது நாட்கணக்கில் நின்றது. வலப்புறத்தில் 640ஐ ஒட்டிச் சிறு மேடு ஒன்றும் தெரிந்தது.

மகனின் முகம் வெளுத்தது. "வாப்பா, 364 என்றால் அயோடின் 131. அந்தச் சிறு மேடு சீசியமாக இருந்தால்..." என்று நிறுத்தினான். 1986இல் செர்னோபிலிலும் 2011இல் புகுஷிமாவிலும் காற்றில் பரவியவை இவ்விரண்டுமே என்பது அவனுக்குத் தெரியும். நமது கரையை ஒட்டிச் சற்றுத் தொலைவில் அணுமின் நிலையமும் உண்டு. கைபேசியில் ஊரார் குழுவுக்குச் செய்தி அனுப்ப அவன் விரல் துடித்தது.

நாம் தடுத்தோம். "சோதனை முடியுமுன் ஒரு சொல்கூட இந்த அறையை விட்டுப் போகலாகாது. நம் கணக்கு தவறானால் நாம் திருத்திக்கொள்ளலாம். ஊரில் பரவிய பயத்தை யார் திருத்துவது?" என்றோம்.

சோதனைகளைத் தொடங்கினோம். சீசியம் நிற்க வேண்டிய இடம் 662. மேடோ 637இல் நின்றது. அதுவும் அயோடின் 131க்கே உரிய இடம். ஆகவே சீசியம் இல்லை. அணு உலை விபத்தில் அயோடின் தனியாக வருவது எளிதன்று. மழைநீரைப் பிடித்து அளந்தோம், ஒன்றுமில்லை. கருவியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம், முகடு தேய்ந்தது. வானம் குற்றமற்றது என்று தெரிந்தது. பின்னர் உள்ளே வந்து, ஈயக் குண்டுகளைப் பைகளில் கட்டி ஒவ்வொரு திசையிலும் மாறி மாறி நிறுத்தினோம். கிழக்கில் நிறுத்தியபோது மட்டும் முகடு படுத்துவிட்டது. வந்தவர் கிழக்குச் சுவருக்கு அப்பால் இருந்தார்.

அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது, நமது தங்கை தங்கியிருந்த அறை.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தங்கைக்கு ஒரே மகள். அவள் தலைப்பிள்ளையைச் சுமந்து எட்டாம் மாதத்தில் இருந்தாள். அந்த நேரத்தில் தாய் மகளருகே இருப்பதல்லவா வழக்கம்? தங்கையோ திடீரெனப் பெட்டியுடன் வந்து, "கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டுப் போகிறேன், காக்கா" என்றாள். காரணம் கேட்டதற்கு வெயில் என்றாள். கணவனை இழந்து பல ஆண்டுகளாகத் தனியாகக் குடும்பத்தைத் தாங்கியவள். களைத்திருப்பாள் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அவள் வந்த மறுநாள் மூத்த மகனின் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்கு வந்தார்கள். நான்கு வயதுப் பேத்தி "மாமி" என்று கூவிக்கொண்டு பாய்ந்தபோது தங்கை பின்வாங்கிக் கதவருகே நின்றுகொண்டாள். குழந்தை அழுதது. அதன்பின் பகலெல்லாம் கொல்லைப் புளியமரத்தடியில் தனியே அமர்ந்திருப்பாள். தனிக் குவளை, தனித் தட்டு. தானே கழுவி வைப்பாள். துணியையும் தனியாகவே துவைத்தாள். நமது மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "பச்சைப் பிள்ளையை விலக்குகிற மனசும் ஒரு மனசா? நம் வீட்டுப் பாத்திரம் அவளுக்கு ஆகவில்லையா? வயிற்றுப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு வந்தவளிடம் வேறென்ன எதிர்பார்க்க?" என்றாள். நாம் மறுத்துப் பேசவில்லை. மறுக்காதது மட்டுமன்று, மனத்துக்குள் ஆமோதிக்கவும் செய்தோம். தங்கை மாறிவிட்டாள் என்றே தீர்மானித்துவிட்டோம்.

இனிக் கருவிக்குத் திரும்புவோம். அவ்வறையின் பூச்சுச் சுவரில் ஏதேனும் இருக்குமோ, மற்றொரு மேண்டில் பொட்டலமோ என்றெல்லாம் எண்ணினோமே தவிர, மனிதரை எண்ணவில்லை. 364ஆம் இடத்துக்கு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிக்கை எடுக்கும்படி மகனிடம் சொன்னோம். பதினோரு நாள் கணக்குச் சேர்ந்தது.

அதில் இரண்டு விந்தைகள் இருந்தன. அயோடின் 131இன் அரையாயுள் எட்டு நாள். இம்முகடோ ஐந்தரை நாளிலேயே பாதியாகிவிட்டது. அணுவின் கடிகாரம் எக்காரணத்தாலும் விரைவதில்லை. அப்படியானால் சிதைவது போக, வேறு வழியாகவும் அது குறைந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாவது விந்தை, எண்ணிக்கை இரவு முழுவதும் உயர்ந்து நின்று காலையில் விழுந்தது. பகலில் ஏறத்தாழ ஒரே நேரங்களில் மூன்று சிறு குன்றுகள் மட்டும் எழுந்து தாழ்ந்தன.

அன்று நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். கொல்லைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. ஒளு எடுக்கும் தண்ணீரின் ஓசை கேட்டது. அப்பால் அறைக்கதவு சாத்தப்பட்டது. திரையில் கோடு ஏறிற்று.

லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று குன்றுகள். இஷாவிலிருந்து சுபுஹு வரை நீண்ட இரவு. எந்த மேண்டிலுக்கும் எந்தச் சுவருக்கும் தொழுகை நேரம் தெரியாது. எட்டு நாள் ஐந்தரை நாளாகச் சுருங்கிய காரணமும் அக்கணமே விளங்கிற்று. அயோடின் உயிருள்ள உடலில் இருந்தது. உடல் தன் பங்குக்கு அதை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டுச் சுரப்பியை அடக்க, மருத்துவர்கள் அயோடின் 131ஐ உட்கொள்ளக் கொடுப்பதுண்டு. தொண்டையிலுள்ள அச்சுரப்பி அயோடினைத் தேடி ஈர்த்துக்கொள்ளும். கதிர் அங்கேயே தங்கி வேலை செய்யும். பெரும்பாலும் அது சோடியம் அயோடைடாகவே கொடுக்கப்படுகிறது. நமது கருவியின் படிகமும் அதே உப்பு.

"வாப்பா, மாமி..." என்றான் மகன். "போதும், கருவியை நிறுத்து" என்றோம். மறைத்தவர் மறைத்ததைத் துருவிப் பார்ப்பது நமக்கு ஆகாது. அறியாமல் பார்த்துவிட்டோம், இனி அறிந்து பார்க்கக்கூடாது.

மஃரிபுக்குப் பின் புளியமரத்தடிக்குச் சென்றோம். அருகே அமரப் போனபோது அவள் எழுந்து நான்கடி தள்ளிப் போனாள். "அங்கேயே இரு, தங்கச்சி. தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். அண்ணனுக்கு அந்தக் கணக்குத் தெரியும்" என்றோம்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பின், "உங்கள் மெஷின் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதா, காக்கா?" என்று கேட்டாள்.

படபடப்பும் கை நடுக்கமும் மெலிவும் ஓராண்டாக இருந்தனவாம். மாத்திரைகளுக்குக் கட்டுப்படவில்லை. நகரத்து மருத்துவமனையில் அயோடின் கொடுத்து, மூன்று வாரம் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் நெருங்காதிருக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகளிடம் சொல்லியிருந்தால் அவள் அஞ்சியிருப்பாள். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே புற்றுநோய் என்று எண்ணும் உலகம் இது. "தலைப்பிள்ளை சுமக்கிறவள் மனசில் அந்தப் பயத்தைப் போடலாமா? வயசான நீங்கள் இரண்டு பேர்தானே இங்கே இருக்கிறீர்கள் என்று வந்தேன். பிள்ளைகள் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்னவள் ஓடி வந்தபோது..." அதற்குமேல் அவளால் முடியவில்லை.

நமக்கும் முடியவில்லை.

அன்றிரவு மனைவியிடம் சொன்னோம். அவள் நெடுநேரம் அடுப்பங்கரையிலேயே அமர்ந்திருந்தாள். மறுநாள் காலை தங்கைக்கு ஆப்பமும் தேங்காய்ப் பாலும் எடுத்துச் சென்று, வாசற்படியில் வைத்துவிட்டு, தானும் ஒரு தட்டுடன் எதிர்த் திண்ணையில் அமர்ந்தாள். இருவருக்கும் இடையே முற்றம் இருந்தது. அந்த முற்றத்துக்கு மேலாகவே இருவரும் பேசிக்கொண்டு உண்டார்கள்.

தங்கை தன் மகளுக்குத் தானே தொலைபேசியில் சொன்னாள். மகள் அழுதாளாம், பின்னர், "இதைத் தனியாகச் சுமக்கவா என்னை வளர்த்தீர்கள்?" என்று கோபித்துக்கொண்டாளாம். நாம் கணக்கிட்டு ஒரு தேதி சொன்னோம். ஆனால் மருத்துவர் சொல்வதே முடிவு என்றும் சொன்னோம். அவர் பரிசோதித்து அனுமதித்த பிறகு தங்கை பேத்தியைத் தூக்கி ஒரு பகல் முழுவதும் இறக்கி விடாமல் வைத்திருந்துவிட்டு, மகளிடம் புறப்பட்டுப் போனாள். பிரசவத்தின்போது தாய் மகளருகிலேயே இருந்தாள். பெண் குழந்தை, இருவரும் நலம். "எழுதுங்கள், காக்கா. என்னைப்போல் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள்" என்று அவள் சொன்ன பிறகே இதை எழுதுகிறோம்.

எதிர்பாராத முகடு எழுந்தால் முதலில் அளவுகோலைப் பார்; பிறகு காவலைப் பார்; பிறகு அலமாரியை; பிறகு வானத்தை; எல்லாம் பார்த்த பின்னரே வாயைத் திற. இந்த ஒழுங்கை ஒரு படிகத்தின் பொருட்டு நாம் பதினோரு நாள் கடைப்பிடித்தோம். அதே பதினோரு நாளும் அதே சுவருக்கு அப்பால் இருந்த உடன்பிறப்பின் பொருட்டு ஒரு மணி நேரமும் கடைப்பிடிக்கவில்லை. தனிக் குவளையைக் கண்டோம். செருக்கு என்று எழுதிக்கொண்டோம். பின்வாங்கிய காலைக் கண்டோம். கல்மனம் என்று எழுதிக்கொண்டோம். நீண்டு சுருங்கிய நமது கோலை ஒருமுறையேனும் சரிபார்க்கவில்லை.

அவள் சென்ற பின் மீண்டும் ஓர் இரவு வெறும் அறையை அளந்தோம். பொட்டாசியம் இருந்தது, தோரியம் இருந்தது, 364இல் ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் அந்தப் பதினோரு நாட்களுக்கு எதிரே காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. மகன் பேனாவை நம்மிடம் நீட்டினான். "காரணம் அறியப்பட்டது" என்று மட்டும் எழுதி மூடி வைத்தோம்.